ஆயன்குளம் கிணறு குடித்தது. உங்கள் கிணறு குடிக்குமா?

கேள்வி: ஐயா, திசையன்விளைக்குத் தெற்கே எங்களுக்கு நாலு ஏக்கர் விளை இருக்கு. முருங்கையும் கொஞ்சம் வாழையும். கிணறு 60 அடி ஆழம், 20 அடி விட்டம், கல் கட்டு மேலே 15 அடி வரைக்கும்தான். புரட்டாசியில் தண்ணி 40 அடிக்குக் கீழே போயிருது. டி.டி.எஸ். (தண்ணியில கரைஞ்ச உப்பின் அளவு) 2,400 காட்டுது, வாழை இலை ஓரமெல்லாம் கருகுது. ஊர்க் குளம் நிரம்பி மறுகால் விழுந்தால் எங்க வேலியை ஒட்டிய ஓடையில்தான் தண்ணி போகும். ஆயன்குளம் கிணறு மாதிரி அந்தத் தண்ணியைக் கிணத்துக்குள்ள திருப்பி விட்டா நிலத்தடி நீர் இனிச்சிரும்னு சொல்லுதாங்க. செய்யலாமா?

பதில்: செய்யலாம். ஆனால் ஓடையை அப்படியே வெட்டிக் கிணற்றுக்குள் விடக் கூடாது. ஆயன்குளத்தை மாதிரியாக வைத்துக் கணக்குப் போடுவதும் சரிவராது.

திருநெல்வேலி மாவட்டத்தில் நம் பக்கத்து ஊரான ஆயன்குளத்தில் நடந்தது இதுதான். 2021 பருவமழையில் அந்தக் கிணறு வெள்ளத்தை வாரக்கணக்கில் வாங்கியும் நிரம்பவில்லை. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் வந்து ஆராய்ந்தார்கள். அடியில் சுண்ணாம்புப் பாறை கரைந்து குகைகளாகவும் ஓட்டைகளாகவும் இருப்பது தெரியவந்தது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அது பாறை வெடிப்புகளில் இறங்கி, ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் சுண்ணாம்பைத் தின்று பாதை போட்டுவிடுகிறது. அந்தக் கிணறு தற்செயலாக அப்படியொரு பாதையின் வாயில் வெட்டப்பட்டிருக்கிறது. பக்கத்து வயல் கிணற்றுக்கும் அதே வாய் இருக்கும் என்று சொல்ல முடியாது. ராதாபுரம், திசையன்விளை வட்டாரத்தில் பல கிணறுகள் கரையாத கரும்பாறையில்தான் நிற்கின்றன. அதில் தண்ணீர் தங்குவது மயிரிழை வெடிப்புகளில்.

உங்கள் கிணறு எந்த வகை என்று முதலில் பாருங்கள். கிணறு வெட்டியபோது அள்ளிப் போட்ட மண்மேடு இன்னும் ஓரமாகக் கிடக்கும். அதன் மேற்பகுதியிலிருந்து, அதாவது கடைசியாக ஆழத்தில் எடுத்துப் போட்ட கல்லில் இரண்டு மூன்று எடுத்து, ஆணியால் சுரண்டி, அந்தப் பொடியின் மேல் எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு, சும்மா நனைந்தால் வேறு பாறை. நிலத்தின் மேலே கிடக்கும் சுக்கான் கல்லை, அதாவது சுண்ணாம்புக் கட்டியை வைத்து இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். நம் பக்கத்தில் சுக்கான் பெரும்பாலும் மேல்மண்ணுக்குக் கீழே ஓர் அடுக்காகத்தான் இருக்கும். அது நுரைப்பதால் அடியில் குகை இருக்கிறது என்று ஆகிவிடாது. குகை இருப்பதற்கான அடையாளம் வேறு: பக்கத்தில் போர் போட்டபோது கம்பி சட்டென்று ஓரடி இரண்டடி இறங்கியிருக்கும், துளையிலிருந்து காற்று சீறியிருக்கும், அல்லது மழை பெய்த மறுநாளே கிணறு கலங்கி மடமடவென்று ஏறி, அதே வேகத்தில் இறங்கும். போர் போட்ட ஆளிடம் கேட்டால் நினைவிருக்கும். இப்படிப்பட்ட விஷயத்தை அவர்கள் மறப்பதில்லை.

அடுத்தது, கிணறு எவ்வளவு குடிக்கும் என்ற கணக்கு. இதற்குச் செலவே இல்லை. காலையில் நீர்மட்டத்தைக் கயிற்றில் கல் கட்டி அளந்துகொள்ளுங்கள். மோட்டாரைப் போட்டு 2 மீட்டர் இறங்கும்வரை இறைத்து நிறுத்துங்கள். பிறகு ஒரு மணி நேரத்தில் எத்தனை செ.மீ. ஏறுகிறது என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குறியுங்கள். 20 அடி, அதாவது 6 மீட்டர் விட்டக் கிணற்றில் 1 செ.மீ. என்பது 283 லிட்டர். 15 செ.மீ. ஏறினால் மணிக்குச் சுமார் 4,240 லிட்டர். 2 மீட்டர் இறங்கியபோது பாறை இவ்வளவு கொடுக்கிறது என்றால், 2 மீட்டர் உயர்த்தினால் ஏறக்குறைய இவ்வளவுதான் வாங்கும். கிணற்றில் 6 மீட்டர் நீரை ஏற்றி நிறுத்தினால் மூன்று மடங்கு, அதாவது வினாடிக்கு மூன்றரை லிட்டர். மேல்பகுதிப் பாறை உதிரியாக இருந்தால் கொஞ்சம் கூடும், களிமண் அடைத்திருந்தால் குறையும். திட்டம் போடுவதற்கு இந்தக் கணக்குப் போதும்.

ஓடையில் வருவது எவ்வளவு? நேரான இடத்தில் 10 மீட்டர் அளந்து இரண்டு குச்சி நடுங்கள். காய்ந்த தேங்காய் மட்டைத் துண்டு ஒன்றை மிதக்கவிட்டு நேரம் பாருங்கள். 20 வினாடியில் கடந்தால் வேகம் வினாடிக்கு அரை மீட்டர். மேலே ஓடும் வேகம் அடியில் இருக்காது என்பதால் 0.85ஆல் பெருக்கவேண்டும். ஓடை 1 மீட்டர் அகலம், 30 செ.மீ. ஆழம் என்றால் வினாடிக்கு 127 லிட்டர், கிட்டத்தட்ட நாலரை கன அடி. உங்கள் கிணற்றில் காலியாக உள்ள 12 மீட்டரில் 3,40,000 லிட்டர் பிடிக்கும். இந்த ஓடை அதை முக்கால் மணி நேரத்தில் நிரப்பிவிடும். அதன்பின் வருவதெல்லாம் விளிம்பு தாண்டி வழியும். கல் கட்டு 15 அடியோடு முடிகிறது என்கிறீர்கள். கட்டுக்குப் பின்னால் உள்ள மண்ணைத் தண்ணீர் அரித்தால், மேல்கட்டு அப்படியே சரிந்து உள்ளே விழும். ஓடையை வெட்டி விட்ட கிணறுகளில் முதலில் கெடுவது இதுதான்.

ஆகவே ஓடையில் வருவதில் முப்பத்தாறில் ஒரு பங்கைத்தான் நீங்கள் எடுக்கப்போகிறீர்கள். இது அற்பமாகத் தோன்றலாம். வினாடிக்கு 3 லிட்டர் வீதம் 20 நாள் போனால் 51,84,000 லிட்டர். ஓர் ஏக்கருக்கு 5 செ.மீ. பாய்ச்ச இரண்டு லட்சம் லிட்டர் வேண்டும் என்றால், இது இருபத்தைந்து பாய்ச்சலுக்கான நீர்.

இப்போது அமைப்புக்கு வருவோம். ஓடையிலிருந்து கிணறு வரை இரண்டு குழிகள் வேண்டும். முதல் குழி மண் படிய: 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம். ஓடையிலிருந்து இதற்குள் வரும் வாயில் பலகை மடை ஒன்று கட்டாயம். வேண்டாதபோது அடைக்க முடியாவிட்டால் மற்றதெல்லாம் வீண். இரண்டாவது குழி வடிகட்ட: 2க்கு 2 மீட்டர், ஆழம் ஒன்றரை மீட்டர். அடியில் 45 செ.மீ. ஒன்றரை அங்குல ஜல்லி, அதன்மேல் 30 செ.மீ. முக்கால் அங்குல ஜல்லி, அதன்மேல் 45 செ.மீ. பருமணல், மேலே 30 செ.மீ. தண்ணீர் நிற்க இடம். ஜல்லிக்கும் மணலுக்கும் நடுவே நைலான் வலை இரண்டு மடிப்பு விரியுங்கள். இல்லாவிட்டால் இரண்டு மழையில் மணல் முழுவதும் ஜல்லிக்குள் இறங்கிக் கிணற்றில் கிடக்கும். தேரி மணலை இதற்குப் பயன்படுத்த நினைக்காதீர்கள். சிவப்பாக அழகாக இருக்கும், ஆனால் அது காற்றடித்துச் சேர்ந்த நுண்மணல், அதில் களியும் கலந்திருக்கும், சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். கழுவிய பருமணல் புதிதாக இருக்கும்போது இந்த நாலு சதுர மீட்டர் வினாடிக்குச் சுமார் 4 லிட்டர் விடும். உங்கள் கிணற்றின் தாகத்துக்கு அது சரியாக இருக்கும்.

வடிகட்டிக் குழியின் அடியிலிருந்து 6 அங்குல பி.வி.சி. குழாய் கிணற்றுக்குள் போகட்டும். அதைக் கிணற்றின் வாயிலேயே நிறுத்தி அருவிபோல விழவிடுவது பெரிய தவறு. 40 அடி விழும் தண்ணீர் பக்கச் சுவரை அரிக்கும், அடிச்சேற்றைக் கலக்கும், போதாததற்குக் காற்றுக் குமிழிகளையும் அடித்துக்கொண்டு போகும். அந்தக் குமிழிகள் வெடிப்புகளுக்குள் சிக்கி, களிமண்ணைப் போலவே பாதையை அடைக்கும். குழாயைச் சுவரோடு கிளாம்ப் போட்டு நீர்மட்டத்துக்குக் கீழேவரை இறக்கி, அடியிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் எல்போ போட்டு முடியுங்கள்.

வடிகட்டி இருக்கும்போது இவ்வளவு கவனம் எதற்கு என்று தோன்றலாம். ஒரு லிட்டர் ஓடைத் தண்ணீரில் 1 கிராம் வண்டல்தான் இருக்கிறது என்று வையுங்கள், பார்வைக்குச் சாதாரணக் கலங்கல். வினாடிக்கு 3 லிட்டர் என்றால் நாளொன்றுக்கு 259 கிலோ வண்டல், 20 நாளில் 5 டன். வடிகட்டாமல் விட்டால் இதெல்லாம் ஊற்றுக்கண் வழியே பாறைக்குள் போகப் பார்க்கும். கிணற்றடியில் படிந்த சேற்றை அள்ளிவிடலாம், வெடிப்புக்குள் போன களியை எடுக்க வழியில்லை. அடுத்த வருடம் கிணறு குடிக்காது, ஊறவும் செய்யாது.

எனவே மறுகால் விழுந்த முதல் இரண்டு மூன்று நாள் தண்ணீரை எடுக்காதீர்கள். ஊர்க்குப்பை, ஆட்டுப்புழுக்கை, வயலில் போட்ட உரம், மருந்து எல்லாம் அதில்தான் வரும். பிறகு தினமும் காலையில் ஒரு வெள்ளைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, பின்னால் தினத்தாளைப் பிடித்துப் பாருங்கள். செய்தி எழுத்துப் படிக்க முடிந்தால் மடையைத் திறக்கலாம், தலைப்பு மட்டும்தான் தெரிகிறது என்றால் அன்றைக்கு விடுமுறை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அப்படிப்பட்ட வெள்ளத்தில் மடையை இறுக அடைத்துவிட்டு வீட்டில் இருக்கவேண்டியதுதான். அந்தத் தண்ணீரில் வராத அழுக்கு இல்லை.

எலுமிச்சைச் சோதனையில் கல் நுரைத்து, இறைத்த நீர் நிமிடங்களில் ஏறிவிட்டால், மேலே சொன்னதில் ஒரு பகுதி தலைகீழாகும். குகைப் பாறை கேட்டதையெல்லாம் வாங்கும், ஆனால் எதையும் வடிகட்டாது. மணலில் மெல்ல இறங்கும் நீரில் கிருமி வழியிலேயே சாகும். குகையில் அது ஓடும் வாய்க்கால்தான், இன்றைக்கு நீங்கள் விட்ட சாக்கடை நாளைக்குப் பக்கத்து ஊர்க் குடிநீர்க் கிணற்றில் தலைகாட்டலாம். அதிகமாகக் குடிக்கும் கிணற்றுக்குத்தான் அதிகச் சுத்தமான நீர் வேண்டும். அங்கே விட்ட இனிப்பு நீர் உங்களுக்குத் தங்கவும் தங்காது, சரிவு எந்தப் பக்கமோ அங்கே போய்விடும். ஊருக்கு லாபம், உங்கள் வாழைக்கு அவ்வளவு இல்லை. இன்னொன்று, குகைக்கு மேலே மணல் மூடிய நிலத்தில் தண்ணீர் வேகமாக இறங்கினால் மணலையும் உள்ளே இழுத்துக்கொண்டு போகும். மேலே நிலம் திடீரென்று குழியும். கிணற்றைச் சுற்றி வட்டமாக வெடிப்பு, வேலிக்கல் சாய்வது, நிமிர்ந்து நின்ற பனை ஒரு பக்கம் சரிவது, பக்கத்துப் போரில் செந்நீர் வருவது, இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மடையை அடையுங்கள். பம்பு செட்டையும் ஆட்களையும் கிணற்றுக்கு அருகே வைக்காதீர்கள். உள்ளே குகை தெரிகிறதா என்று பார்க்க யாரையும் முங்க விடாதீர்கள். தூர் வார இறங்குவதற்கு முன்னும் காற்றோட்டி ஓடவேண்டும். எரியும் விளக்கை இறக்கிப் பார்ப்பது பிராணவாயு இல்லாததை மட்டும்தான் காட்டும், விஷ வாயுவைக் காட்டாது.

உப்பைப் பற்றி. மூடிய பாட்டிலில் கல் கட்டிக் கனமாக்கி, கயிற்றில் அடிவரை இறக்கி, மூடியை இன்னொரு நூலால் இழுத்துத் திறந்து அடித் தண்ணீரையும் எடுங்கள். மேல்நீர் 2,400, அடிநீர் 4,000 என்று வந்தால், உப்பு கீழே இருக்கிறது, மோட்டார்தான் அதை மேலே இழுக்கிறது. நன்னீர் உவர்நீரைவிட இலேசு, மேலே மிதக்கும். கடலோர நிலத்தில் நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் இருந்தால், அதன் அடியில் சுமார் 40 மீட்டருக்கு நன்னீர் தாங்கும் என்பது பழைய கணக்கு. மட்டம் இறங்க இறங்க, அதே நாற்பது மடங்கில் உப்பு ஏறும். நீங்கள் விடும் 51 லட்சம் லிட்டர், வெடிப்புப் பாறையில் நூற்றுக்கு 2 பங்கு இடம், 10 மீட்டர் தடிமன் என்று கொண்டால், கிணற்றைச் சுற்றிச் சுமார் 90 மீட்டருக்கு ஓர் இனிப்புத் திட்டாக நிற்கும். ஃபுட்வால்வை (மோட்டாரின் உறிஞ்சு குழாய் நுனியில் உள்ள வால்வை) அடியில் வைத்து ஒரே மூச்சில் இறைத்தால் அந்தத் திட்டைத் துளைத்து உவர் மேலே வந்துவிடும். ஃபுட்வால்வை நீர்மட்டத்திலிருந்து 2 மீட்டர் கீழே மட்டும் தொங்கவிட்டு, காலையில் 2 மணி நேரம், மாலையில் 2 மணி நேரம் என்று பிரித்து இறையுங்கள். மட்டம் இறங்க இறங்க அதையும் இறக்கிக்கொள்ளலாம்.

முதல் வருடம் 2,400 என்பது 500 ஆகிவிடும் என்று எண்ணவேண்டாம். தை மாதத்தில் இறங்கும், சித்திரையில் மறுபடி ஏறும். மாதம் ஒருமுறை ஒரே நாளில், மோட்டார் போட்டு அரை மணி கழித்து அளந்து எழுதுங்கள். குடிக்கவும் இந்தக் கிணறுதான் என்றால் மீட்டரை மட்டும் நம்பக் கூடாது. இந்தியத் தர அளவுப்படி டி.டி.எஸ். 500க்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாதபோது 2,000 வரை. நைட்ரேட் லிட்டருக்கு 45 மி.கி.க்கு மேல் கூடாது, மலக்கிருமி அறவே கூடாது. கடைசி இரண்டையும் உங்கள் கைமீட்டர் சொல்லாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள், மழைக்கு முன் ஒன்று, பின் ஒன்று.

ஓடையில் கைவைக்கும் முன் குளம் யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். நீர்வளத் துறையா, ஊராட்சி ஒன்றியமா, யாராக இருந்தாலும் எழுத்தில் அனுமதி வேண்டும். குளம் பெருகி மறுகால் விழுந்த பிறகு வருவதை மட்டும் கேளுங்கள். அந்தக் குளத்து நீரில் பாசனம் செய்யும் ஆயக்கட்டுக்காரர்கள் அதற்குச் சம்மதிப்பார்கள். குளத்துக்கு நீர் வரும் வரத்துக்காலில் கைவைத்தால் சண்டைதான். இறைப்புச் சோதனையை ஆவணியில் முடித்து, புரட்டாசியில் குழி வெட்டுங்கள். ஐப்பசியில் முதல் மழை பெய்யும்போது மணல் கழுவித் தயாராக இருக்கவேண்டும். மழை நடுவில் வடிகட்டியில் தண்ணீர் தேங்கி நின்றால், மேல்மணலில் 5 செ.மீ. சுரண்டி எடுத்துவிட்டு அதே அளவு புதுமணல் போடுங்கள், மறுபடி இறங்கும்.