டி2 ப்ராக் ராக்கா? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, டி2 (T2) என்ற பிரிட்டிஷ் குழு 1970-ல் டெக்கா கம்பெனிக்காகப் போட்ட 'இட்'ல் ஆல் ஒர்க் அவுட் இன் பூம்லேண்ட்' ஆல்பத்தை இப்போதுதான் கேட்டேன். எனக்கு ப்ராக் ராக் (பல பகுதிகளைச் சேர்த்துப் பாட்டைக் கட்டும் ராக் வகை) என்று படுகிறது. நண்பன் ஹார்ட் ராக் (கனத்த கிடார் முன்னால் நிற்கும் முரட்டு ராக்) என்று அடித்துச் சொல்கிறான். நீங்கள் யார் பக்கம்?

பதில்: உங்கள் பக்கம்தான். ஆனால் உங்கள் நண்பர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்பதும் புரிகிறது. பீட்டர் டன்டன் டிரம்ஸ் வாசித்துக்கொண்டே பாடுகிறார், பெர்னார்ட் ஜிங்க்ஸ் பேஸ், கீத் கிராஸ் கிடார். மூன்றே பேர். கிராஸுக்கு அப்போது 17 வயது என்பதை நம்பவே முடியாது, அப்படி ஒரு வாசிப்பு. முதல் பாட்டு 'இன் சர்க்கிள்ஸ்' மட்டும் கேட்டால், கிரீம், ஹெண்ட்ரிக்ஸ் வழியில் வந்த முரட்டு மூவர் குழு என்று யாருக்கும் தோன்றும். நண்பர் அந்த இடத்திலேயே முடிவெடுத்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

அவரை 'நோ மோர் ஒயிட் ஹார்சஸ்' வரை உட்கார வையுங்கள். டன்டன் குரலை உயர்த்தாமல் பாடுகிறார், கிடார் அதன்மேல் கனமாக இறங்குகிறது, பிறகு பிராஸ் வாத்தியங்கள் (டிரம்பெட் மாதிரி ஊதும் பித்தளை வாத்தியங்கள்) எழுகின்றன. மூன்று பேர் குழுவுக்கு அவை தேவையே இல்லை. ஆனாலும் அவை வந்து சேர்ந்த பிறகுதான் அந்தப் பாட்டின் துக்கம் முழுசாக விரிகிறது. அந்தப் பகுதியை எடுத்துவிட்டால் பாட்டு பாதியில் நிற்கும்.

நான் வைத்திருக்கும் சோதனையே இதுதான்: ஒரு பகுதியை மனசுக்குள் வெட்டிப் பாருங்கள். ஒன்றும் குறையவில்லை என்றால் அது நீட்டி வாசித்தது. பாட்டு சாய்ந்துவிட்டது என்றால் அது கட்டியது. இசைத்தட்டின் மறுபக்கம் முழுக்க 21 நிமிடம் ஓடும் 'மார்னிங்' பாட்டில் இரண்டும் இருக்கிறது. சில கிடார் பகுதிகள் நீட்டி முழக்குவதுதான், மறுக்கவில்லை. ஆனால் மென்மையும் ஆவேசமும் ஒன்றையொன்று எதிர்பார்த்து நிற்கும் அமைப்பு அதில் இருக்கிறது. அதனால் என் தீர்ப்பு: ப்ராக்.

கேள்வி: அப்படியானால் நீளமான பாட்டெல்லாம் ப்ராக்கா? அயர்ன் பட்டர்ஃபிளையின் 'இன்-ஏ-கடா-ட-விடா' 17 நிமிடம் ஓடுகிறதே?

பதில்: அந்த வெட்டும் சோதனையை அந்தப் பாட்டுக்கு அவர்கள் கம்பெனியே நடத்திக் காட்டிவிட்டது. 1968-ல் ஆல்பம் வந்தது. அதே பாட்டை மூன்று நிமிடத்துக்கும் குறைவாக வெட்டி சிங்கிளாக விட்டார்கள். அதுவும் நன்றாகவே ஓடியது. ஒரு ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சின்ன இசைத்துணுக்கு), அதன்மேல் ஆர்கன், கிடார், டிரம்ஸ் என்று ஆளுக்கொரு சோலோ, மறுபடி அதே ரிஃப். எனக்குப் பிடித்த பாட்டுதான். ப்ராக் இல்லை.

கேள்வி: சார், ஸ்பிரிங் குழுவின் 1971 ஆல்பத்தில் மூன்று பேர் மெலோட்ரான் வாசிக்கிறார்கள். ப்ராக் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

பதில்: மெலோட்ரான் கீபோர்டு வகையில் ஒரு வாத்தியம், அத்தாட்சி ஆகாது. 1967-லேயே பீட்டில்ஸ் 'ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' தொடக்கத்தில் அதன் புல்லாங்குழல் ஒலியைப் பயன்படுத்திவிட்டார்கள். அதற்காக அந்தப் பாட்டை ப்ராக் ராக் என்று யாரும் சொல்வதில்லையே.

இந்த வாத்தியம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் ஸ்பிரிங் ஆல்பம் இன்னும் நன்றாகப் புரியும். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு ஒலிநாடாத் துண்டு இருக்கிறது. வயலின்காரர்களோ பாடகர் குழுவோ நிஜமாக வாசித்த, பாடிய ஒரு சுரம் அதில் பதிவாகியிருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா ஓடும், விட்டால் பின்னால் இழுபட்டுப் பழைய இடத்துக்குப் போய்விடும். நாடாவின் நீளம் ஏறக்குறைய 8 விநாடிதான். அழுத்திக்கொண்டே இருந்தால் ஒலி சட்டென்று நின்றுபோகும். அதனால் வாசிப்பவர் விரலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த லேசான தடுமாற்றமும் நாடாவின் நடுக்கமும் சேர்ந்ததுதான் நமக்கு உருக்கமாகக் கேட்கிறது. ஸ்பிரிங் இதை அழகாகக் கையாள்கிறது. டிரம்ஸ் வாசிப்பவர் பின்னாளில் டயர் ஸ்ட்ரெய்ட்ஸில் சேர்ந்த பிக் விதர்ஸ், எங்கேயும் மிகையாக அடிக்காதவர்.

ஆனால் அந்த மெலோட்ரானை ஒதுக்கிவிட்டுக் கேளுங்கள். பெரும்பாலும் பல்லவி, சரணம் என்று போகும் நல்ல பாட்டுகள். ப்ராக் அலமாரியில் வைக்கலாம், ஓரத்தில். கீபோர்டை நம்பாத டி2-வை அதைவிட உள்ளே வைப்பேன். இதில் பலருக்கு என்மேல் கோபம் வரும், பரவாயில்லை.

கேள்வி: தாளம் மிஸ்ர சாபு மாதிரி ஏழில் போனால்?

பதில்: பிங்க் ஃப்ளாய்டின் 'மணி' ஏழில்தான் போகிறது. அதிலும் கிடார் சோலோவுக்கு நாலுக்கு மாறிவிடுகிறார்கள். டேவ் புரூபெக் குழுவின் 'டேக் ஃபைவ்' 1959-லேயே ஐந்தில் வந்த ஜாஸ். எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி: வெர்டிகோ லேபிளில் (இசைத்தட்டு வெளியிட்ட பிராண்ட்) வந்தால் ப்ராக் என்று நம்பி வாங்கலாமா அண்ணா?

பதில்: சுழல் வட்டச் சின்னம் போட்ட அந்த லேபிளில் கிரேஷியஸ், கிரெசிடா மாதிரி அருமையான குழுக்கள் வந்தது உண்மை. ஆனால் 1970-ல் பிளாக் சபாத்தும் ராட் ஸ்டூவர்ட்டும் இங்கிலாந்தில் அதே லேபிளில்தான் வந்தார்கள். கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஒரு குழுவின் ஒரு ஆல்பம் மட்டும் ப்ராக் என்றால் குழுவை எப்படிச் சொல்வது?

பதில்: நேப்பிள்ஸ் நகரத்து இல் பலெட்டோ டி ப்ரோன்ஸோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1970-ல் வந்த 'சிரியோ 2222' கிடார் முன்னால் நிற்கும் ராக். பிறகு கீபோர்ட் வாசிக்கும் ஜான்னி லியோனே சேர்ந்தார். 1972-ல் 'இஸ்' வந்தது. ஒரே கதை, பகுதிகள் ஒன்றுக்குள் ஒன்று ஓடுகின்றன. காதுக்கு இதமாக ஒரு இடம் வந்தால் உடனே அதைக் கலைத்துவிடுகிறார்கள். இத்தாலிய ப்ராக்கில் இவ்வளவு இருண்ட ஆல்பம் அபூர்வம். பெயர் ஒன்றுதான், ஆனால் காதுக்கு இரண்டு குழுக்கள். அதனால்தான் குழுவுக்குத் தீர்ப்பு சொல்வதைவிட ஆல்பத்துக்குச் சொல்வது நியாயம் என்கிறேன். டி2 விஷயத்தில் அந்தச் சிக்கல் குறைவு, குழு உடைவதற்கு முன் வெளிவந்த ஆல்பம் அது ஒன்றுதான்.

கேள்வி: டிரம்ஸ் செட்டே இல்லாத கோமஸ் குழு ப்ராக்கா?

பதில்: 1971-ல் வந்த 'ஃபர்ஸ்ட் அட்டரன்ஸ்' தானே? வயலின், அக்கூஸ்டிக் கிடார், கையால் தட்டும் தாளம், அலறும் குரல். வேர் நாட்டுப்புற இசை, கட்டுமானம் ப்ராக். தயங்காமல் சேர்த்துக்கொள்வேன். இரவில் தனியாகக் கேட்க வேண்டாம், பாட்டுகளில் வன்முறை அதிகம்.

கேள்வி: டி2-வுக்குப் பிறகு கீத் கிராஸ் என்ன செய்தார்? அதே மாதிரி வேறு ஏதாவது இருக்கிறதா?

பதில்: அதே மாதிரி எதிர்பார்த்துப் போகாதீர்கள். பீட்டர் ராஸ் என்பவரோடு சேர்ந்து 1972-ல் 'போர்ட் சிவிலியன்ஸ்' போட்டார், அதுவும் டெக்காதான். மென்மையான பாட்டுகள், குரல்கள் இணைந்து வரும், 'மார்னிங்' வாசித்த முரட்டுக் கை தெரியவே தெரியாது. ப்ராக் இல்லை. ஆனால் வாங்குங்கள், எனக்கு ரொம்பப் பிடித்த ஆல்பம்.