பேட்டரி இல்லாமலும் ஓடும் கேமராக்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழின் கடைசிப் பதிலில், என்னிடம் உள்ள பெண்டாக்ஸ் கே1000 கேமராவைப் பற்றி நான்கு வரிகள் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுப் பலர் கடிதம் எழுதியிருக்கிறார்கள். ஆகையால் இந்த மாதப் பகுதி முழுவதையும் பழைய இயந்திர பிலிம் கேமராக்களுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: கையில் இருக்கும் கைப்பேசியே அருமையாகப் படம் எடுக்கிறது. அப்படியிருக்க, ஐம்பது அறுபது ஆண்டுப் பழைய கேமராக்களைத் தேடித் தேடிச் சேர்ப்பதில் என்ன இருக்கிறது? (வாசகர், மதுரை)

பதில்: படத்தின் தெளிவை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் உங்கள் கேள்வியை மறுக்க முடியாது. மங்கிய வெளிச்சத்தில் இன்றைய கைப்பேசி எடுக்கும் படத்தை 1960களின் எந்தக் கேமராவாலும் எடுத்துவிட முடியாது. ஈர்ப்பு வேறிடத்தில் இருக்கிறது. அந்தக் கருவி செய்யும் வேலையைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை நம் கண்ணாலும் காதாலும் விரலாலும் பின்தொடர முடிகிறது.

பழைய லைக்கா ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேலே உள்ள குமிழைத் திருகும்போது படச்சுருள் ஒரு படத்தின் அளவுக்கு நகர்கிறது. அதே திருகலில், ரப்பர் பூசிய இரண்டு துணித் திரைகள் தம் உருளைகளுக்குள் இருக்கும் சுருள்வில்லை இறுக்கிக்கொண்டு ஒரு பக்கமாக ஒதுங்குகின்றன. பொத்தானை அழுத்தியதும் முதல் திரை ஓடுகிறது, இரண்டாவது திரை அதைத் துரத்திக்கொண்டு போகிறது. இரண்டுக்கும் நடுவே விழும் இடுக்கின் வழியாகத்தான் ஒளி பிலிமைத் தொடுகிறது. விநாடியில் 1000இல் ஒரு பங்கு என்று வேகத்தை வைத்தால் அந்த இடுக்கு சில மில்லிமீட்டர் அகலமே இருக்கும். ஒரு விநாடி வரை மெதுவேகங்கள் உள்ள மாடல்களில், கடிகாரத்துக்குள் இருப்பதைப் போன்ற பற்சக்கர வரிசை ஒன்று இரண்டாவது திரையைப் பிடித்து நிறுத்தி, ‘கிர்ர்ர்’ என்று தன் ஓட்டத்தை முடித்த பிறகே அதை விடுகிறது. அந்த ஒலி நடுவில் திக்கினால் எண்ணெய் காய்ந்துவிட்டது என்று பழகிய காது உடனே சொல்லிவிடும். இத்தனைக்கும் மின்சாரம் ஒரு துளியும் தேவையில்லை.

இதை உருவாக்கியவரின் கதையும் சேகரிப்பவர்களை இழுக்கும் கதைதான். ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் நுண்ணோக்கிகள் செய்துவந்த லைட்ஸ் நிறுவனத்தில் ஆஸ்கர் பார்னாக் வேலை பார்த்தார். ஆஸ்துமாவால் அவதிப்பட்ட அவருக்கு, கண்ணாடித் தகடுகளோடும் முக்காலியோடும் பெரிய கேமராவைச் சுமந்து மலையேறுவது இயலாத காரியம். சினிமா பிலிமைப் பக்கவாட்டில் ஓடவிட்டு, அதன் படப்பரப்பை இரட்டிப்பாக்கி, 24க்கு 36 மில்லிமீட்டர் என்ற அளவில் படம் எடுக்கும் சிறு கருவியின் முதல் மாதிரியை அவர் 1914 வாக்கில் செய்து முடித்திருந்தார். முதல் உலகப் போரும் அதன் பின் வந்த நெருக்கடியும் குறுக்கிட்டதால், 1925ஆம் ஆண்டு லைப்சிக் கண்காட்சியில்தான் லைக்கா பொதுமக்கள் முன் வந்தது. இன்று பல லட்ச ரூபாய்க்கு விற்கும் டிஜிட்டல் கேமராக்களின் ‘ஃபுல் ஃப்ரேம்’ சென்சாரும் பார்னாக் வகுத்த அதே 24க்கு 36 அளவுதான். அந்த அளவு பிறந்த கருவியைக் கையில் ஏந்தி, அது இன்னும் படம் எடுக்கிறது என்று அறியும்போது வரும் மகிழ்ச்சிக்காகவே தேடுகிறோம்.

கேள்வி: என் தந்தை ஸ்டூடியோ வைத்திருந்தவர். அவர் விட்டுச் சென்ற யாஷிகா மேட் 124ஜி கேமரா தோல் உறையோடு அப்படியே இருக்கிறது. ஆனால் கண்ணாடிக்குள் சிலந்தி வலை போல ஏதோ படர்ந்திருக்கிறது. இனி அதைப் பயன்படுத்த முடியுமா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: முடியும் என்றே நினைக்கிறேன். நீங்கள் பார்ப்பது பூஞ்சை. முதலில் அது எந்த லென்ஸில் இருக்கிறது என்று பாருங்கள் அம்மா. உங்கள் கேமராவில் மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ்கள் உண்டு. மேலே இருப்பது, குனிந்து பார்க்கும் கண்ணாடித் திரைக்குக் காட்சியைத் தருவதற்கு மட்டுமே. பிலிமில் படத்தை வரைவது கீழே இருக்கும் லென்ஸ். பூஞ்சை மேலே மட்டும் என்றால் படத்துக்கு ஒரு குறையும் வராது. கீழே என்றாலும், தொடக்க நிலையில் இருக்கும்போதே தேர்ந்த மெக்கானிக் ஒருவர் பிரித்துத் துடைத்துவிடலாம். நாளாக ஆக அது சுரக்கும் அமிலம் லென்ஸின் மேற்பூச்சை அரித்துவிடும். அரித்த தடம் துடைத்தாலும் போகாது. ஆகவே தள்ளிப்போட வேண்டாம்.

பாதுகாப்பாக இருக்கட்டும் என்று உங்கள் தந்தை போட்டு வைத்த தோல் உறைதான் பெரும்பாலும் இதற்குக் காரணம். தோல் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்து வைத்துக்கொள்ளும். காற்றில் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டும் நம் ஊர்களில் பூஞ்சைக்கு அதைவிட வசதியான வீடு கிடையாது. உறையைத் தனியாக வையுங்கள். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு கேமராவை வைத்து, நிறம் மாறும்போது பொட்டலங்களைச் சூடாக்கி மீண்டும் பயன்படுத்தலாம். அரிசிப் பானைக்குள் வைக்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. அரிசித் தூள் உள்ளே புகுந்துவிடும், அது வேண்டாம்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒளியை உள்ளே விட்டு மூடும் ஷட்டர் மெதுவாக ஓடுகிறது என்று யாராவது எண்ணெய் விடச் சொன்னால் கேட்காதீர்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் என் நண்பரின் தாத்தா வைத்திருந்த கேமராவுக்கு, நல்லது செய்வதாக எண்ணித் தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். ஷட்டரின் மெல்லிய உலோக இதழ்கள் எண்ணெய்ப் பசையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன; திறக்க முயன்றதில் ஓர் இதழ் வளைந்துவிட்டது. அந்த இதழ்கள் உலர்ந்தே இருக்க வேண்டியவை என்பதை அப்படித்தான் கற்றேன். அந்தக் கேமராவை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

குனிந்து பார்த்து எடுக்கும் இந்த இரட்டை லென்ஸ் அமைப்பைப் புகழ்பெறச் செய்தது, ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரிலிருந்து 1929இல் வெளிவந்த ரோலிஃப்ளெக்ஸ். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக் கலைஞர் ஹோமாய் வியாரவாலா பயன்படுத்திய கேமராக்களில் அதுவும் ஒன்று. உங்கள் தந்தையின் கேமரா அந்த மரபில் வந்தது. ஒரு ரோலில் 12 சதுரப் படங்கள் கிடைக்கும். சுத்தம் செய்த பிறகு ஒரு ரோலாவது எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: இணையத்தில் ஒரு லைக்கா மலிவாக விற்பனைக்கு வந்திருக்கிறது. தங்க நிறம், மேலே போர்க்காலச் சின்னங்கள் பொறித்திருக்கின்றன. வாங்கலாமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: லைக்கா என்று நம்பி வாங்க வேண்டாம். தங்க முலாமும் போர்ச் சின்னமும் மலிவு விலையும் ஒன்றாக வந்தால், அது சோவியத் நாட்டின் ஃபெட் அல்லது சோர்க்கி கேமராவின் மேல்தகட்டில் பின்னாளில் பெயர் மாற்றிப் பொறித்ததாகவே பெரும்பாலும் இருக்கும். சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. லென்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே மேற்புறம் பாருங்கள். தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டரின் கை ஒன்று தெரியும். அசல் லைக்காவில் அதன் முனையில் சிறிய வட்டச் சக்கரம் உருளும். ஃபெட், சோர்க்கி கேமராக்களில் சக்கரத்துக்குப் பதிலாக ஆப்பு வடிவ உலோகத் துண்டு இருக்கும். மேல்தகட்டில் எதை வேண்டுமானாலும் பொறித்துவிடலாம். அந்தக் கையை மாற்ற யாரும் மெனக்கெடுவதில்லை.

ஆனால் அதே கேமராவை அதன் சொந்தப் பெயரில், நியாயமான விலைக்கு வாங்குவதை நான் மனதார வரவேற்பேன். உக்ரைனின் கார்கிவ் நகரில், போரிலும் பஞ்சத்திலும் பெற்றோரை இழந்து தெருவில் நின்ற பிள்ளைகளுக்காக நடந்த குடியிருப்பு ஒன்றை ஆசிரியர் அந்தோன் மக்காரெங்கோ வழிநடத்தினார். சோவியத் தலைவர்களில் ஒருவரான ஃபெலிக்ஸ் எட்முந்தோவிச் ஜெர்ஜின்ஸ்கியின் பெயர் சூட்டப்பட்ட அந்தக் குடியிருப்பின் பட்டறையில், லைக்காவை முன்மாதிரியாகக் கொண்ட கேமராக்கள் 1934 முதல் தொடர்ந்து உற்பத்தியாயின. ஜெர்ஜின்ஸ்கியின் முழுப்பெயரின் மூன்று முதலெழுத்துகளே (எஃப், இ, டி) ‘ஃபெட்’. யாருமற்ற பிள்ளைகளின் கைகள் இத்தனை நுட்பமான கருவியைச் செய்தன என்பதைவிடப் பெரிய பெருமை ஒரு கேமராவுக்கு வேண்டியதில்லை. அந்தப் பெயரைச் சுரண்டிவிட்டு வேறு பெயரைப் பொறிப்பது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் அநீதி. வாங்கினால் ஓர் எச்சரிக்கை: குமிழைத் திருகி ஷட்டரை ஏற்றிய பிறகே வேகத்தை மாற்ற வேண்டும். மேலும், லென்ஸை மூடாமல் வெயிலில் வைத்தால் சூரிய ஒளி குவிந்து துணித் திரையில் ஓட்டை விழுந்துவிடும்.

கேள்வி: முதன்முதலாக ஒன்று வாங்க விரும்புகிறேன். எதை வாங்குவது? பேட்டரி கிடைக்குமா? (கல்லூரி மாணவி, திருச்சி)

பதில்: பெண்டாக்ஸ் கே1000. 1976 முதல் 1997 வரை 30 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டதால் உதிரிபாகமும் லென்ஸும் கிடைக்கின்றன. கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால், 1982இல் வந்த நிக்கான் எஃப்எம்2. விநாடியில் 4000இல் ஒரு பங்கு வரை பேட்டரியே இல்லாமல் படம் எடுக்கும். இரண்டிலும் பேட்டரி ஒளியளக்கும் மீட்டருக்கு மட்டும்தான், கடைகளில் எளிதாகக் கிடைக்கும் சிறு பொத்தான் பேட்டரி போதும். கே1000இல் மீட்டரை அணைக்கப் பொத்தான் கிடையாது. லென்ஸ் மூடியைப் போட்டு வைக்காவிட்டால் பேட்டரி தீர்ந்துவிடும்.

1972இன் ஒலிம்பஸ் ஓஎம்-1 போன்றவை 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. அந்தப் பேட்டரிகள் தடைசெய்யப்பட்டுவிட்டன; 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டால் மீட்டர் தவறாகக் காட்டும். காது கேட்கும் கருவிக்குப் போடும் 1.4 வோல்ட் துத்தநாக பேட்டரி ஓரளவு ஈடுகொடுக்கும். மீட்டரே கெட்டுப் போனாலும் கவலை வேண்டாம்: ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 100 உள்ள பிலிம், நல்ல வெயில், லென்ஸின் துளை எஃப் 16, ஷட்டரின் வேகம் விநாடியில் 125இல் ஒரு பங்கு. நம் ஊர் நண்பகலில் இந்தக் கணக்கு என்னைக் கைவிட்டதே இல்லை.

கேள்வி: எங்கள் ஊரில் பிலிம் ஆலை இருந்தது என்று என் பேரன் நம்ப மறுக்கிறான். நீங்கள் எழுதினால் நம்புவான். (வாசகர், உதகமண்டலம்)

பதில்: தம்பி, தாத்தா சொல்வது முற்றிலும் உண்மை. இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அரசு நிறுவனம் 1960இல் தொடங்கப்பட்டு, 1967 முதல் ஊட்டியில் பிலிம் தயாரித்தது. ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிமும், மருத்துவமனைகளுக்கான எக்ஸ்ரே பிலிமும் அங்கிருந்து நாடெங்கும் சென்றன. ஊட்டியில் இந்துநகர் என்ற பெயர் இன்றும் இருப்பது அதனால்தான். வெள்ளி உப்பைக் கலந்த ஜெலட்டினை முழு இருட்டில் சீராகப் பூச வேண்டிய வேலை அது. கண்ணால் பார்க்க முடியாத பொருளைக் கைப்பழக்கத்தால் செய்தவர்களின் ஊர் உன்னுடையது. அந்த ஆலை மூடப்பட்டது நமக்குப் பேரிழப்பு. அதன் தொழிலாளர்கள் இன்னும் உங்கள் ஊரில் இருப்பார்கள்; தாத்தாவோடு போய் அவர்களிடம் கேள், கேட்டதை எழுதி வை.

கேள்வி: என் கணவரின் கண்ணாடி அலமாரியில் இருபத்து மூன்று கேமராக்கள் இருக்கின்றன. மாதம் ஒன்று வருகிறது. எதிலும் படம் எடுத்து நான் பார்த்ததில்லை. இது சரிதானா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: சரியில்லை. செலவைக் காட்டிலும் அந்தக் கேமராக்களை எண்ணித்தான் இப்படிச் சொல்கிறேன். ஓடாத ஷட்டரில் மசகு கெட்டியாகிப் பிசினாகிவிடும், பின்மூடியின் ஓரத்தில் உள்ள கறுப்பு நுரைப்பட்டை கரைந்து தார் போல ஒட்டும். கடலோர ஊரான உங்கள் ஊரில் பூஞ்சை வேறு. மாதம் ஒரு முறை ஒவ்வொன்றையும் எடுத்து எல்லா வேகங்களிலும் சில தடவை ஓடவிட்டு, ஷட்டரின் சுருள்வில்லை இறுக்கிய நிலையில் விடாமல் தளர்த்தி வைக்கச் சொல்லுங்கள். இருபத்து மூன்றுக்கும் அதைச் செய்ய நேரமில்லை என்றால், நேரம் கிடைக்கும் அளவுக்கு வைத்துக்கொண்டு, மற்றவற்றைப் படம் எடுக்கக் காத்திருக்கும் மாணவர்களுக்குக் கொடுத்துவிடலாம். மேலே எழுதியிருக்கும் திருச்சி மாணவியைப் போன்றவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

கேள்வி: தாத்தாவின் பெட்டியில் பெண்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் கேமரா கிடைத்தது. எண்ணிக்கை முள் 21இல் நிற்கிறது. உள்ளே பிலிம் இருக்குமோ? (வாசகர், காரைக்குடி)

பதில்: பின்மூடியைத் திறக்காதீர்கள். இடது பக்கம் உள்ள சிறு கைப்பிடியை அம்புக்குறித் திசையில் மெதுவாகத் திருப்புங்கள்; தடை தெரிந்தால் பிலிம் இருக்கிறது. அப்படியானால், கறுப்பு வெள்ளைப் பிலிமைக் கையால் கழுவித் தரும் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். வண்ணப் பிலிமாக இருந்தாலும், இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு நிறம் மங்கியிருக்கும் என்பதால், கறுப்பு வெள்ளையாகக் கழுவினால்தான் ஏதேனும் உருவம் தேறும். அது கோடக்ரோம் என்ற வண்ணப் பிலிம் என்றால் கறுப்பு வெள்ளையாகக் கழுவுவதைத் தவிர வேறு வழியே இல்லை. அதை வண்ணத்தில் கழுவிய கடைசி ஆய்வகம் அமெரிக்காவின் கான்சாஸில் இருந்தது, 2010 முடிவோடு புதிய சுருள்களைப் பெறுவதை நிறுத்திவிட்டது. இருபத்தோரு படங்களில் ஒன்றிரண்டு வந்தாலும், உங்கள் தாத்தா கடைசியாக எதைப் பார்த்துப் பொத்தானை அழுத்தினார் என்று தெரிந்துவிடும்.

ஜன்னலை மூடி, அறையை இருட்டாக்கிக்கொள்ளுங்கள். கேமராவின் அடியில் உள்ள சிறு பொத்தானை அழுத்திவிட்டு, கைப்பிடியை அவசரமின்றிச் சுழற்றுங்கள். பழைய பிலிம் முறுகியிருக்கும், வேகமாக இழுத்தால் அறுந்துவிடும். கைப்பிடி திடீரென்று லேசாகச் சுழலும்போது சுருள் முழுவதும் குப்பிக்குள் திரும்பிவிட்டது என்று பொருள். அதன் பிறகுதான் பின்மூடியைத் திறக்க வேண்டும்.