‘ஃபால்ஸ்’ வரும் இடமெல்லாம் ‘பொய்’ போடலாமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வழக்கறிஞரிடம் தட்டச்சும் மொழிபெயர்ப்பும் பார்க்கிறேன். ஆங்கிலப் பிரமாணப் பத்திரங்களில் ‘ஃபால்ஸ்’ என்று வரும் இடமெல்லாம் ‘பொய்’ என்று எழுதுகிறேன். சீனியர் சில இடங்களில் அதை அடித்துவிட்டு ‘தவறு’ என்கிறார், சில இடங்களில் ‘போலி’ என்கிறார். எதை எப்போது போடுவது?

பதில்: சீனியர் அடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. சொன்னது நடப்போடு ஒத்துப்போகவில்லை என்பதை மட்டும்தான் ஃபால்ஸ் என்ற சொல் உறுதியாகத் தெரிவிக்கிறது. சொன்னவர் தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்பதை அந்தச் சொல்லை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. தமிழில் அப்படி இல்லை. ஒருவர் சொன்னதைப் பொய் என்று எழுதினால், அவர் வேண்டுமென்றே புளுகினார் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

சட்டமே இந்த இரண்டையும் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 227-ஆம் பிரிவு பொய் சாட்சியம் பற்றியது. உண்மை சொல்லக் கடமைப்பட்டவர் கொடுத்த வாக்குமூலம் ஃபால்ஸ் ஆக இருந்தால் மட்டும் அந்தக் குற்றம் ஆகிவிடாது. அது பொய் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது பொய் என்று நம்பியிருக்க வேண்டும், அல்லது உண்மை என்ற நம்பிக்கை இல்லாமலாவது சொல்லியிருக்க வேண்டும். நீதிமன்ற நடவடிக்கையில் இதைச் செய்தால் 7 ஆண்டு வரை சிறை. ஆகவே சொல்லைத் தேர்ந்தெடுப்பது சின்ன விஷயம் இல்லை.

வாக்கியத்தில் பக்கத்துச் சொல்லைப் பாருங்கள். ‘நோயிங்லி’ என்று இருந்தால் ‘தெரிந்தே பொய்யாக’ என்று தயங்காமல் எழுதலாம். அப்படி எதுவும் இல்லாமல் சர்வே எண், தேதி, பரப்பளவு போன்ற விவரத்தைப் பற்றி வந்தால் ‘தவறான’ போதும். பத்திரத்தில் 12 சென்ட், பட்டாவில் 10 சென்ட் என்றால் அது தவறு. யாரோ பொய் சொன்னார்கள் என்று இன்னும் ஆகவில்லை. எது என்று தெளிவாகத் தெரியாத இடத்துக்கு ‘உண்மைக்குப் புறம்பான’ என்று நம் கோர்ட்டுத் தமிழில் நல்ல தொடர் ஒன்று இருக்கிறது. யாரையும் குற்றம் சாட்டாமல் கருத்தை மட்டும் மறுக்கும். ஆனால் எதிர்மனுவில் கட்சிக்காரர் கோபத்தோடு ஃபால்ஸ் என்று மறுத்திருந்தால், ‘மனுவில் கண்ட சங்கதிகள் பொய்யானவை’ என்றே இருக்கட்டும். அவர் சொன்னதைத் தணிக்கும் உரிமை மொழிபெயர்ப்பாளருக்கு இல்லை.

ஆவணம் பற்றிய இடத்தில்தான் அதிகம் தவறு நடக்கிறது. ‘ஃபால்ஸ் டாக்குமென்ட்’ என்பது அதே சன்ஹிதாவின் 335-ஆம் பிரிவில் வரும் தனிச் சொல். வேறொருவர் எழுதிக் கொடுத்தது போலக் காட்டி உருவாக்கியது, அதிகாரமில்லாமல் திருத்தியது போன்றவை அதில் அடங்கும். இதற்குப் ‘போலி ஆவணம்’ பொருந்தும். தன் பெயரிலேயே கையெழுத்திட்டு, தனக்கில்லாத நிலத்தைத் தனதென்று கிரயம் எழுதிக் கொடுத்தவரின் பத்திரம் போலி ஆவணம் ஆகாது என்று 2009-ல் பீகார் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பத்திரம் அசல்தான், உள்ளே இருக்கும் கூற்றுதான் பொய். அந்த இடத்தில் ‘பொய்யான விவரம் அடங்கிய ஆவணம்’ என்று எழுத வேண்டும். இரண்டையும் ‘பொய் ஆவணம்’ என்று ஒன்றாக்கினால் வழக்கே வேறாகிவிடும்.

கோர்ட்டுக்கு வெளியே ஃபால்ஸ் பல இடங்களில் ‘அதைப் போலத் தோன்றும், ஆனால் அதுவல்ல’ என்ற பொருளில் நிற்கிறது. ஏமாற்றும் எண்ணம் அங்கே துளியும் இல்லை. ‘ஃபால்ஸ் டீத்’ நமக்குக் கட்டுப்பல், பல்செட். ‘ஃபால்ஸ் லேபர்’ பாட்டிமார் சொல்லும் சூட்டு வலி, பொய் வலி. பயிர்க் காப்பீட்டுத் தாள்களில் ‘ஃபால்ஸ் ஸ்மட்’ வந்தால் நெற்பழ நோய் என்று எழுதுங்கள். மணிகளை மஞ்சளும் பச்சையுமான உருண்டைகளாக்கும் அந்தப் பூஞ்சை, பார்வைக்கு ‘ஸ்மட்’ எனப்படும் கரிப்பூட்டை நோய் போல இருந்தாலும் அந்த இனம் இல்லை. பெயரில் ஃபால்ஸ் ஒட்டிக்கொண்டது அதனால்தான். மருத்துவ வழக்குகளில் வரும் ‘ஃபால்ஸ் பாசிட்டிவ்’, நோய் இல்லாதவருக்கு உண்டு என்று சோதனை காட்டுவது. ‘தவறான நேர்மறை முடிவு’ என்பதே சரி. பொய் என்று போட்டால் பரிசோதனைக்கூடத்தின் மேல் பழி விழும்.

‘ஃபால்ஸ் அலாரம்’ வந்தாலும் அதே கவனம் வேண்டும். 2012 ஏப்ரல் 11-ல் சுமத்ரா அருகே 8.6 அளவில் நிலம் நடுங்கியபோது நம் கடற்கரைக்கும் சுனாமி எச்சரிக்கை வந்தது. பாறைத்தட்டுகள் பெரும்பாலும் பக்கவாட்டில் நகர்ந்ததால் கடலடி பெரிதாக எழும்பவில்லை, பேரலையும் வரவில்லை. 2004-ஐப் பார்த்த தேவனாம்பட்டினத்துக்காரர் யாரும் அதைப் பொய் எச்சரிக்கை என்று சொல்ல மாட்டார். மழை பொய்த்தது என்கிறோமே, அப்படி ‘பலிக்காத எச்சரிக்கை’ எனலாம்.

புதுச்சேரியிலிருந்து பழைய பிரெஞ்சுப் பத்திரம் வந்தால் இன்னொரு கண்ணி உண்டு. பிரெஞ்சில் ‘லொக்காசியோன்’ என்றால் வாடகைக்கு விடுவது. அதே எழுத்துகள் கொண்ட ஆங்கிலச் சொல்லுக்கு இடம் என்று பொருள். இப்படிப்பட்ட சொற்களுக்கு ஆங்கிலத்தில் ‘ஃபால்ஸ் ஃபிரெண்ட்’ என்று பெயர். ‘மயக்கும் சொல்’ என்று எழுதினால் விளங்கும்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது ‘தவறான’ என்பதை ஃபால்ஸ் ஆக்கிவிடாதீர்கள். தவறான தொலைபேசி எண்ணுக்கு ‘ராங் நம்பர்’தான். ‘ராங் நேம்’ என்றால் எழுத்துப் பிழையாகவோ ஆள் மாறியோ பதிவான பெயர். ‘ஃபால்ஸ் நேம்’ என்றால் மறைப்பதற்காகச் சொன்ன பொய்ப் பெயர். குடும்ப அட்டையில் பெயர் தவறாக இருக்கிறது என்று திருத்தம் கேட்டு வந்தவரின் மனுவில் இரண்டாவதை எழுதினால், அவர் தன்மேல் தானே புகார் கொடுத்தது போலாகிவிடும்.