அந்த ஆறு வரியைத் திரும்பப் படி, மகளே

கேள்வி: எனக்கு 22 வயது. பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு, ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு தோல் கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். போன வருஷம் வாலிபர் முகாமில் என்னை ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்தேன். வீட்டில் சொன்னபோது அம்மா, “பொம்பளைப் பிள்ளைக்கு என்ன ஊழியம்? அக்கா கல்யாணக் கடனே இன்னும் முடியலை, உனக்கும் மாப்பிள்ளை பார்க்கணும்” என்றார். அப்பா ஒன்றும் பேசவில்லை. அது கர்த்தருடைய சத்தமா, அந்த நேரத்து உணர்ச்சியா என்று இப்போது எனக்கே குழப்பம். கீழ்ப்படியாமல் போய்விடுவேனோ என்று பயமாகவும் இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?
– வாசகி, வாலாஜாபேட்டை

பதில்: அன்பு மகளே,

உன் கடிதத்தை இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். முழுக் கடிதம் நாலு பக்கம். அதில் இரண்டு பக்கம் முகாமைப் பற்றி: பாட்டு, பிரசங்கம், முழங்காலில் நின்றது, அழுதது. மூன்றாம் பக்கத்தில் ஆறே வரியில் வேறொரு விஷயம் எழுதியிருக்கிறாய். மே மாதம் ஆற்காட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் வி.பி.எஸ். (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி) எடுக்கப் போனாய். கரண்ட் போன ஒரு மதியம், ஜெபக்கூடத்துத் தரையில் உட்கார்ந்து பிள்ளைகள் மனப்பாட வசனம் சொன்னார்கள். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒரு சொல்கூடப் பிசகாமல் சொன்னாள். அவள் கையில் இருந்த வசன அட்டையோ தலைகீழாக இருந்தது. அவளுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது என்று அப்போதுதான் உனக்குப் புரிந்தது. “அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை” என்று எழுதிவிட்டு, மறுபடியும் முகாம் கதைக்குப் போய்விட்டாய்.

என்னைக் கேட்டால், நீ தேடுகிற பதில் அந்த ஆறு வரியில்தான் இருக்கிறது.

முகாமில் நடந்ததை நான் குறைத்துச் சொல்லவில்லை. அங்கே நீ ‘சரி ஆண்டவரே’ என்றாய், அது பெரிய வார்த்தை. ஆனால் எந்த ஊழியம், யாருக்கு, எங்கே என்பதை எந்தப் பிரசங்கியாராலும் உனக்குச் சொல்ல முடியாது. அது பிறகு வரும். அநேகமாக ஒரு ஆளின் முகத்தோடு வரும்.

உன் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில், ராணிப்பேட்டையில், 1870-ல் பிறந்தவர் ஐடா ஸ்கடர். தாத்தா, அப்பா எல்லாம் மிஷனரி டாக்டர்கள். ஐடாவுக்கு மட்டும் இந்தியாவில் தங்க விருப்பமே இல்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அமெரிக்காவிலிருந்து திண்டிவனத்துக்கு வந்திருந்தார். ஒரே ராத்திரியில் ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். மூன்று பேர் வீட்டிலும் மனைவிக்குப் பிரசவ வேதனை. ஆண் டாக்டர் வேண்டாம், நீங்கள் வாருங்கள் என்றார்கள். ஐடாவுக்கு வைத்தியம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

நம் பக்கத்தில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் இது தெரியும். ஆனால் கதையை நாம் அங்கேயே நிறுத்திவிடுகிறோம், அதில்தான் எனக்கு வருத்தம். அதற்கடுத்து அவர் செய்தது என்ன? அமெரிக்காவுக்குத் திரும்பிப்போய் டாக்டருக்குப் படித்தார். 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். 1900-ல் வேலூரில், அப்பாவின் பங்களாவில் ஒரு சின்ன அறையில் வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918-ல்தான் வந்தது. அதுதான் வளர்ந்து இன்றைய சி.எம்.சி., அதாவது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆனது. அந்த ராத்திரிக்கும் வேலூரின் முதல் நோயாளிக்கும் நடுவே எத்தனை புத்தகம், எத்தனை பரீட்சை! அந்த வருஷங்களில் அவர் கீழ்ப்படியாமல் இருந்தார் என்று யாராவது சொல்வார்களா?

அதனால் அந்தப் பயத்தை முதலில் விடு. வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கி வீட்டுக் கடனை அடைப்பது அழைப்பைத் தள்ளிவிடுவது ஆகாது. பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை ‘கொர்பான்’, அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லிக் கைகழுவியவர்களை இயேசு எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்று மாற்கு 7-ம் அதிகாரத்தில் பார். சபைப் பெரியவர்கள் வாலிபருக்கு இதை அடிக்கடி எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் இதே இயேசுதான், தம்மைப் பின்பற்ற “முன்பு நான் போய்…” என்று தவணை கேட்டவர்களை ஏற்கவில்லை. ஆகவே கணக்குப் படித்த பிள்ளை நீ, கடன் எந்த மாதம் முடிகிறது என்று கணக்குப் போட்டு பைபிளின் முதல் பக்கத்தில் எழுதி வை. அந்த மாதம் வந்தபிறகும் இன்னொரு ‘முன்பு’ முளைத்தால், அப்போது உன்னை நீயே நிறுத்திக் கேள். நல்ல பிள்ளைகள் பலர் நாற்பது வயதில் “அப்போ ஒரு அழைப்பு இருந்துச்சு” என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அதைக் கேட்கும்போதெல்லாம் மனசு வலிக்கிறது.

கர்த்தருடைய சத்தமா என்ற குழப்பத்துக்கு வெட்கப்படாதே. பைபிளில் சிறுவன் சாமுவேலைக் கர்த்தர் கூப்பிட்டபோது, ஆசாரியர் ஏலிதான் கூப்பிடுகிறார் என்று நினைத்து மூன்று தடவை அவரிடம்தான் ஓடினான். ஏலிக்கே மூன்றாவது தடவைதான் புரிந்தது. உனக்கும் ஒரு ஏலி வேண்டும். உன்னைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர், ‘உனக்கு இது சரிவராது’ என்று சொல்லவும் தயங்காதவர் – உங்கள் ஆயர், ஆயரம்மா, ஞாயிறு பள்ளி டீச்சர், யாராக இருந்தாலும் சரி. “நாளைக்கே வேலையை விட்டுவிட்டு எங்கள் டீமில் சேர்” என்று ஒருவர் அவசரப்படுத்தினால், அவர் யாருக்குப் பதில் சொல்கிறவர், காணிக்கைக் கணக்கை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டுப் பார். கேள்விக்கே கோபம் வந்தால் விலகிவிடு.

அப்புறம், உடனே செய்ய வேண்டியது. சனிக்கிழமை மதியங்களில் அந்தக் கிராமத்துக்குப் போ. அந்தச் சிறுமியின் வீட்டில் அனுமதி கேள், பள்ளி டீச்சரையும் பார். அ, ஆ-விலிருந்து ஆரம்பி. தெருப் பிள்ளைகள் எந்த மதமானாலும் வந்து உட்காரட்டும், பதிலுக்கு யாரிடமும் எதையும் எதிர்பார்க்காதே. ஆறு மாதம் இதைச் செய். வெயில், பஸ் கிடைக்காதது, பிள்ளைகள் வராத நாள் எல்லாவற்றையும் தாண்டி, இன்னும் போகத்தான் வேண்டும் என்று உள்ளே இருந்தால் அதை உணர்ச்சி என்று யாரும் தள்ளிவிட முடியாது.

அந்த ஆறு மாதத்தில் வழியும் தெரியும். பி.எட். படித்துக் கிராமப் பள்ளிக்குப் போகலாம். இல்லை, இறையியல்தான் என்று தெளிவானால் பாஸ்டரேட் கமிட்டியின் (உங்கள் சபையின் நிர்வாகக் குழு) பரிந்துரையோடு பேராயத்தை, அதாவது பேராயரின் அலுவலகத்தை அணுகலாம். மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பெண்களும் படிக்கிறார்கள். தென்னிந்தியத் திருச்சபையில் பெண்கள் ஆயராகிப் பல வருஷம் ஆகிறது. 2013-ல் புஷ்பலலிதா அம்மையார் நந்தியால் பேராயராகவே அபிஷேகம் பெற்றார். தப்பான வழியில் போய்விட்டால் என்ன என்று ரொம்பவும் யோசிக்காதே. சி.எம்.சி.யின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் ஒரு விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு தன்னைப் போல் முடங்கியவர்களுக்கு மறுவாழ்வு தரும் மருத்துவத்தைப் படித்துவந்து, வேலூரில் அதற்கென்றே ஒரு துறையை நடத்தினார். அவர் முதலில் போட்ட திட்டத்தில் இது எதுவும் இல்லை.

அம்மாவோடு வாதாடாதே. ஒரு சனிக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு போ. அப்பாவிடம் தனியாகப் பேசு. அவர் மௌனத்தை மறுப்பு என்று நீயாக முடிவு செய்யாதே. மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தால், நகை, சம்பளம் பேசுவதற்கு முன்னாலேயே உன் எண்ணத்தை அந்தப் பையனிடம் நேராகச் சொல்லிவிடு. ‘கல்யாணத்துக்கு அப்புறம் மெதுவாகச் சொல்லிக்கலாம்’ என்று உறவுக்காரர்கள் சொல்வார்கள், அதற்கு மட்டும் சம்மதிக்காதே. கேட்டுவிட்டு அவன் வேண்டாம் என்றால் போகட்டும். “சனிக்கிழமை நானும் வரட்டுமா?” என்று கேட்கிறவன் கிடைத்தால், அம்மாவிடம் தைரியமாகச் சரி என்று சொல்.