மல்டிமீட்டர் 132 என்கிறது, போர்டு போய்விட்டதா?

கேள்வி: எங்கள் பாலிடெக்னிக் லேபில் பெஞ்ச் மல்டிமீட்டரை ஜிபிஐபி (GPIB, கருவிகளைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் இணைப்பு) கேபிள் வழியாகக் கம்ப்யூட்டரோடு இணைத்திருக்கிறோம். ரீடிங் எடுக்கப் போனால் மீட்டர் பீப் அடிக்கிறது, புரோகிராம் டைம்-அவுட் ஆகிறது. என்ன நடந்தது என்று மீட்டரைக் கேட்கும் *இஎஸ்ஆர்? (*ESR?) கட்டளையை அனுப்பினால் 132 வருகிறது. மறுபடி அனுப்பினால் 0. ஜிபிஐபி கேபிள் செருகும் இன்டர்ஃபேஸ் போர்டை மாற்றச் சொல்கிறார் சர்வீஸ்காரர். மாற்றலாமா?

பதில்: மாற்றாதீர்கள். போர்டு போயிருந்தால் அந்த 132 உங்களுக்கு வந்தே இருக்காது.

132 என்பது 128-ம் 4-ம் சேர்ந்தது. 128 என்றால் மீட்டர் ஆன் ஆனது என்று பொருள். காலையில் ஸ்விட்ச் போட்டீர்கள், அவ்வளவுதான். 4 என்றால் கம்ப்யூட்டருக்கும் மீட்டருக்கும் இடையே கேள்வி பதிலில் குழப்பம். இந்த எண் இருக்கும் ரெஜிஸ்டர், அதாவது மீட்டரின் குறிப்பேடு, ஒருமுறை படித்ததும் அழிந்துவிடும், அதனால்தான் அடுத்து 0. மீட்டர் தானாகச் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

இப்போது பிழை எண்ணைக் கேட்கும் சிஸ்ட்:எர்ர்? (SYST:ERR?) அனுப்பிப் பாருங்கள். -420 வந்தால், கேள்வியே கேட்காமல் பதிலை வாங்கப் பார்த்திருக்கிறீர்கள். கான்ஃப்:வோல்ட்:டிசி (CONF:VOLT:DC) அனுப்பிவிட்டு நேரே படித்தால் இப்படித்தான் ஆகும். அந்தக் கட்டளை மீட்டரைத் தயார் செய்யும், ரீடிங் தராது. நடுவில் ரீட்? (READ?) போக வேண்டும், கேள்விக்குறியோடு. -410 வந்தால், முதல் பதிலை எடுக்காமல் அடுத்த கட்டளையை அனுப்பிவிட்டீர்கள். பிழைகள் ஒவ்வொன்றாகத்தான் வெளியே வரும். 0 வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.

பதிவான பிழைகளைத் துடைக்கும் *சிஎல்எஸ் (*CLS) கட்டளையை லூப்புக்குள் போடும் பழக்கம் பல லேப்களில் இருக்கிறது. தயவுசெய்து போடாதீர்கள், தடயம் எல்லாம் அழிந்துவிடும். புரோகிராம் தொடக்கத்தில் ஒருமுறை போதும்.

128-ஐப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்பதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. காலையில் 128-ஐப் படித்துவிட்டீர்கள், அப்புறம் யாரும் ஸ்விட்சைத் தொடவில்லை, ஆனாலும் மதியம் மறுபடி 128 வருகிறது. அப்படியானால் இடையில் கரன்ட் உண்மையிலேயே விட்டு வந்திருக்கிறது. நீங்கள் வைத்த ரேஞ்சும் பெரும்பாலும் போயிருக்கும், அதற்குப் பிறகு எடுத்த ரீடிங்கை நம்பாதீர்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் பிளக் தளர்வாக இருக்கிறதா என்று ஆட்டிப் பாருங்கள், யுபிஎஸ் பேட்டரியைப் பாருங்கள். அப்போதும் இன்டர்ஃபேஸ் போர்டை மாற்ற வேண்டியதில்லை.

எங்கள் லேபிலும் ஒரு ஏஜென்ட் இப்படித்தான் போர்டுக்குக் கொட்டேஷன் கொடுத்தார். கோளாறு புரோகிராமில் ஒரு வரி. புரோகிராமிங் மேனுவல் கையில் இருந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். லட்சக்கணக்கில் கொடுத்து மீட்டர் வாங்குகிறோம், பர்ச்சேஸ் ஆர்டரில் அந்த மேனுவலைக் கேட்டு ஒரு வரி சேர்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. ஆண்டுக்கு ஆண்டு இதேதான் நடக்கிறது. நீங்கள் உங்கள் மாடலுக்கான மேனுவலை இன்றே கேட்டு வாங்குங்கள். போர்டு பற்றி யார் பேசினாலும், பிழை எண் என்ன என்று முதலில் கேளுங்கள்.