பாதியில் நிற்கும் போர்வைகள்: தையல் கேள்வி பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, ஆசையாகத் தொடங்கிய ஒட்டுத்துணிப் போர்வை அல்லது ரவிக்கை வேலை ஓரிடத்தில் நின்றுபோனதைப் பற்றியவை. எந்த இடத்தில் நின்றது என்பதைத் தெளிவாக எழுதியவர்களுக்கே என்னால் பயனுள்ள பதிலைச் சொல்ல முடிந்திருக்கிறது.

கேள்வி: ஐந்து அங்குலச் சதுரங்களை வரிசைக்குப் பத்து வீதம் இணைத்து வருகிறேன். நான்கு வரிசைகள் முடிந்துவிட்டன. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் மூன்றாவது வரிசை மட்டும் ஓர் அங்குலத்துக்கு மேல் குட்டையாக இருக்கிறது. எல்லாத் துண்டுகளையும் அட்டை அளவு வைத்துத்தான் வெட்டினேன். முழுவதையும் பிரிக்க வேண்டுமா?

பதில்: முழுவதையும் பிரிக்க வேண்டியதில்லை. தவறு வெட்டில் இல்லை, தையலுக்கு விட்ட ஓரத்தில் இருக்கிறது. இவ்வகைப் போர்வைகளில் கால் அங்குலம் ஓரம் விடுவது வழக்கம். அதில் 1/16 அங்குலம் கூடுதலாக உள்ளே போனால், இரண்டு துண்டுகளிலும் சேர்த்து ஒரு தையலுக்கு 1/8 அங்குலம் குறையும். பத்துச் சதுரங்களுக்கு ஒன்பது தையல்கள் என்பதால், வரிசை முடியும்போது ஓர் அங்குலத்தையும் தாண்டி 1/8 அங்குலம் காணாமல் போயிருக்கும். ஆனால் மூன்றாவது வரிசைதான் தவறு என்று முடிவு செய்வதற்கு முன் நான்கையும் இஸ்திரி போட்டு அளந்து பாருங்கள். சரியாகத் தைத்த வரிசை, இரு முனைகளின் ஓரங்களையும் சேர்த்து 45½ அங்குலம் இருக்க வேண்டும். மடிப்பு முழுதாகத் திறக்காமல் இஸ்திரி போட்டாலும் நீளம் குறைந்துதான் தெரியும்.

உண்மையிலேயே குட்டையாக இருந்தால், பழைய தையலைப் பிரிப்பதற்கு முன்பே அதற்கு வெளிப்பக்கமாக, துணியின் விளிம்பை ஒட்டினாற்போல, சரியான அளவில் புதிய தையல் போட்டுவிடுங்கள். பிறகு பழையதைப் பிரித்தால் துண்டுகள் இடம் மாறாது. மேற்கொண்டு தைக்கும்போது, ஊசியிலிருந்து கால் அங்குலம் தள்ளி மெஷின் தட்டின்மேல் நான்கைந்து மடிப்பு டேப்பை ஒட்டி, அதில் துணியின் விளிம்பு உரசிக்கொண்டே போகும்படி செய்தால், கண் அளவை நம்ப வேண்டிய தேவையே இருக்காது.

கேள்வி: அம்மாவின் பருத்திப் புடவைகள் ஐந்து இருக்கின்றன. போர்வையாக்க வேண்டும் என்று எடுத்து வைத்து, கத்தரிக்க மனம் வராமல் அப்படியே இருக்கின்றன. சில இடங்கள் மிகவும் நைந்தும் போயிருக்கின்றன.

பதில்: கத்தரிக்காமலேயே செய்ய வழி இருக்கும்போது ஏன் கத்தரிக்க வேண்டும்? வங்காளத்தின் காந்தாவும் மகாராஷ்டிரத்தின் கோதடியும் பழைய புடவைகளை அடுக்கி, ஓட்டுத்தையலால் இணைத்து உருவானவையே. உள்ளே பஞ்சு வைப்பது அவற்றுக்குக் கட்டாயமில்லை. அடுக்குகளே கனத்தைத் தருகின்றன. முதலில் ஒவ்வொரு புடவையையும் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இடுப்பில் செருகும் பகுதியும், உட்கார்ந்து எழுவதால் தேயும் பகுதியும், காலில் உரசும் கீழ்க்கரையும் பெரும்பாலும் மெலிந்திருக்கும். அதிகம் மெலிந்த புடவைகள் நடு அடுக்குக்குப் போகட்டும், நல்ல நிலையில் இருப்பவை மேலும் கீழும் வரட்டும். முந்தானைகளை மட்டும் மேற்பரப்பில் தெரியும்படி அமைத்தால் எந்தப் புடவை எது என்று வீட்டில் உள்ளவர்கள் கண்டுகொள்வார்கள்.

கிழிந்த துண்டுகளே மிகுதி என்றால், கர்நாடகத்தின் சித்தி சமூகப் பெண்கள் செய்யும் கவந்தி முறை உங்களுக்குப் பொருந்தும். ஒரு முழுத் துணியைக் கீழே விரித்து, அதன் ஓரத்திலிருந்து தொடங்கி, துண்டுகளின் விளிம்பை மடித்து வைத்து ஓட்டுத்தையல் போட்டபடியே சுற்றிச் சுற்றி நடுப்பகுதியை நோக்கிப் போவார்கள். துண்டுகளை இணைப்பதும் அடுக்குகளைப் பிணைப்பதும் ஒரே தையலிலேயே முடிந்துவிடும். எல்லாத் துண்டுகளும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்ற கவலை இதில் இல்லை. மடித்த சிறு முக்கோணங்களை மூலைகளில் வைத்து முடிப்பதுதான் இதன் அடையாளம். எனக்குத் தனிப்பட்ட முறையில், அளவெடுத்துச் செய்யும் அமெரிக்கப் பாணியைவிட இதுதான் பழைய புடவைக்கு நியாயம் செய்கிறது என்று தோன்றும்.

கேள்வி: நடுவில் வைக்க இலவம்பஞ்சைப் பயன்படுத்தலாமா? மெத்தைக் கடையில் எளிதாகக் கிடைக்கிறது.

பதில்: வேண்டாம். இலவம்பஞ்சின் இழைகள் வழுவழுப்பானவை, ஒன்றையொன்று பற்றிக்கொள்ளாதவை. தலையணைக்கு உகந்த அந்தக் குணமே போர்வையில் பஞ்சை ஒரு பக்கமாக ஒதுங்க வைத்துவிடும். சென்னை வெயிலுக்குப் பழைய பருத்திப் படுக்கை விரிப்பு ஒன்றே போதுமானது.

கேள்வி: மூன்று அடுக்குகளையும் சேர்த்து மெஷினில் தைக்கும்போது அடிப்பக்கம் நூல் கொத்துக் கொத்தாகச் சேருகிறது. அடிநூல் சுற்றிய பாபினை மூன்று முறை மாற்றிச் சுற்றியும் சரியாகவில்லை. அத்தோடு வேலையை மூட்டைகட்டி வைத்துவிட்டேன்.

பதில்: அடியில் நூல் கொத்தினால் பாபினைச் சந்தேகிப்பது எல்லாரும் செய்வது, ஆனால் பெரும்பாலும் கோளாறு மேல்நூலில்தான் இருக்கும். அழுத்தும் ஃபுட்டைத் தூக்கி வைத்துவிட்டு மேல்நூலை முதலிலிருந்து கோத்துக்கொள்ளுங்கள். ஃபுட் இறங்கியிருக்கும்போது நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் மூடியிருப்பதால் நூல் அவற்றுக்கு நடுவில் உட்காராமல் மேலாகவே ஓடிவிடும். அதன் பிறகு 14ஆம் எண் ஊசியைக் கழற்றி 16ஆம் எண்ணைப் போடுங்கள். தையல் நீளத்தை அங்குலத்துக்கு எட்டுத் தையல் என்ற அளவுக்குக் கூட்டுங்கள். பழைய கறுப்பு மெஷினாக இருந்தால், ஃபுட் கம்பியின் உச்சியில் உள்ள திருகைச் சற்றுத் தளர்த்துவதும் உதவும், ஏனெனில் அழுத்தம் அதிகமானால் மேல் அடுக்கு பின்தங்கிச் சுருக்கம் விழும். இவற்றையெல்லாம் விட முக்கியமானது, தைப்பதற்கு முன் நடுவிலிருந்து வெளிப்புறமாக நான்கு அங்குல இடைவெளியில் கையால் இழையோட்டிக்கொள்வது. குண்டூசிகளை மட்டும் நம்பிப் பெரிய போர்வையை மெஷினில் ஏற்றாதீர்கள்.

கேள்வி: லைனிங் ரவிக்கையில் கை வைக்கும் கட்டத்தில் நிற்கிறேன். கைத்துணியின் வளைவு கைக்குழியைவிட இரண்டு அங்குலம் பெரிதாக இருக்கிறது. வெட்டிக் குறைத்துவிடலாமா?

பதில்: கத்தரியைக் கீழே வையுங்கள். நீங்கள் வெட்டிய விளிம்பை அளந்திருக்கிறீர்கள், தையல் விழும் கோட்டை அளக்கவில்லை. கைக்குழி உள்வளைவு என்பதால் விளிம்பைவிடத் தையல் கோடு நீளமாக இருக்கும். கையின் மேல்பகுதி வெளிவளைவு என்பதால் அங்கே தையல் கோடு விளிம்பைவிடக் குறுகும். அரை அங்குலம் ஓரம் விட்டிருந்தால் உங்கள் இரண்டு அங்குல வித்தியாசம் கணிசமாகக் குறைந்துவிடும். அளவு டேப்பைப் படுக்கவிடாமல் விளிம்பில் நிறுத்திப் பிடித்துத் தையல் கோட்டின்மேல் அளந்து பார்த்து, அரை அங்குலம் மிஞ்சினால் தோள் பக்கத்தில் நீளத்தையல் ஓட்டி, சுருக்கம் தெரியாதபடி நூலை மெல்ல இழுத்து அடக்கிவிடலாம். அதற்கு மேலும் மிஞ்சினால் மட்டும் கைத்துணியின் பக்கத் தையலை உள்ளே வாங்குங்கள்.

கேள்வி: முடித்த போர்வையை முதல் முறை நனைத்ததும் சிவப்புச் சாயம் வெள்ளைத் துண்டுகளில் இறங்கிவிட்டது.

பதில்: காயவிடாதீர்கள், இஸ்திரி வேண்டவே வேண்டாம். ஈரமாக இருக்கும்போதே பெரிய தொட்டியில் நிறைய வெந்நீரும் சோப்புத்தூளும் கலந்து முழுதாக அமிழ்த்தி வைத்து, தண்ணீர் நிறம் மாறாமல் நிற்கும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள். உப்புப் போடும் பழக்கத்தால் ஏற்கெனவே கசிந்த சாயம் வெளியேறாது. அடுத்த போர்வைக்கு, ஈரமான வெள்ளைத் துணியால் ஒவ்வொரு அடர்நிறத் துணியையும் வெட்டும் முன்பே தேய்த்துப் பாருங்கள்.

கேள்வி: முடிக்காத வேலைகள் நான்கு இருக்க, ஐந்தாவதைத் தொடங்கக் கை பரபரக்கிறது. தொடங்கலாமா?

பதில்: தொடங்குங்கள், யார் தடுத்தார்கள்? அதற்கு முன் நான்கையும் வெளியே எடுத்து, ஒவ்வொன்றிலும் அடுத்து செய்ய வேண்டியது என்ன என்பதை ஒரு தாளில் எழுதிக் குத்திவையுங்கள். எழுத வராத வேலை ஒன்று கட்டாயம் இருக்கும். அதில் உங்களுக்கு ஆர்வம் போய்விட்டது என்று பொருள். அதைப் பிரித்துத் துண்டுகளை மற்றவற்றுக்குப் பயன்படுத்துங்கள், அல்லது அந்த அளவிலேயே நிறுத்தித் திண்டு உறையாக்கிவிடுங்கள்.

கேள்வி: 58½ அங்குல அகலமும் 90 அங்குல நீளமும் உள்ள போர்வை, ஓரப்பட்டி மட்டும் பாக்கி. அரை மீட்டர் துணி போதுமா?

பதில்: மயிரிழையில் போதாது. சுற்றளவு 297 அங்குலம். மூலைகளை மடிக்கவும் முனைகளை இணைக்கவும் பன்னிரண்டு அங்குலம் கூட்டினால் 309. கரையை நீக்கிய 44 அங்குல அகலத் துணியில் ஏழு பட்டிகள் 308 அங்குலமே தரும், இணைப்புகளில் இன்னும் குறையும். ஆகவே எட்டுப் பட்டிகள் வேண்டும். இரண்டரை அங்குலம் வீதம் எட்டுக்கு 20 அங்குலம், அரை மீட்டரோ 19.7தான். 60 செ.மீ. வாங்கிக்கொள்ளுங்கள். நேர்விளிம்புப் போர்வைக்குப் பட்டியைக் கிராஸாக, அதாவது சாய்வாக, வெட்டத் தேவையில்லை.