முதலில் இரவுச் சாப்பாட்டு நேரம்: கப்பல் சுற்றுலா குறித்த வாசகர் கேள்விகள்

சொகுசுக் கப்பல் பயணத்துக்கு முன்பதிவு செய்துவிட்டு, அடுத்து எதை எப்போது முடிவு செய்வது என்று கேட்டு வந்த கடிதங்கள் பல. அவற்றுள் சாப்பாடு, கேபின், கப்பலில் முதல் நாள், கடைசி இரவு ஆகியவற்றைப் பற்றிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன்.

கேள்வி: ஏழு இரவுப் பயணத்துக்கு மூன்று கேபின்களில் ஒன்பது பேர் செல்கிறோம். என் மாமியாருக்கு வயது 78, கடைக்குட்டிக்கு 4. இரவு உணவுக்கு முதல் பந்தி, இரண்டாம் பந்தி, விருப்ப நேரம் என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்கிறார் என் கணவர். உண்மையிலேயே ஒன்றும் இல்லையா?

பதில்: இருக்கிறது. கப்பலில் சாப்பாட்டுக்குப் பஞ்சமே கிடையாது. மாலை நேரத்துக்குத்தான் பஞ்சம். கரையிலிருந்து திரும்புவது, குளித்து உடை மாற்றுவது, சாப்பிடுவது, அரங்கில் நிகழ்ச்சி பார்ப்பது, குழந்தையைத் தூங்க வைப்பது எல்லாம் நான்கைந்து மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும் என்பதால், சாப்பாட்டு நேரத்தை முதலில் முடிவு செய்துவிட்டால் மற்றவற்றுக்கு இடம் கண்டுபிடிப்பது எளிது.

பிரதான உணவுக்கூடத்தில் முதல் பந்தி பெரும்பாலும் மாலை 5.30-க்கும் 6-க்கும் இடையில் தொடங்கும். இரண்டாம் பந்தி 8 மணியை ஒட்டித் தொடங்கும். எந்தப் பந்தியானாலும் பயணம் முடியும் வரை அதே மேசை, அதே பணியாளர்கள். மூன்றாவது நாள் நீங்கள் உட்காரும் முன்பே பாட்டிக்கு வெந்நீரும் குழந்தைக்குச் சின்ன ஸ்பூனும் மேசைக்கு வந்துவிடும் என்பது இந்த முறையின் பெரிய வசதி. நாம் விரும்பும் நேரத்தில் போய், காலியாக இருக்கும் மேசையில் சாப்பிடும் விருப்ப நேர முறை அண்மைக் காலத்தில் பரவியது. நார்வீஜியன் குரூஸ் லைன் நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் ‘ஃப்ரீஸ்டைல்’ என்ற பெயரில் நிலையான பந்தி முறையைக் கைவிட்டது. பின்னர் மற்றப் பெரிய நிறுவனங்கள் சிலவும் பழைய முறையோடு சேர்த்து இதையும் வைத்துக்கொண்டன. டிஸ்னி கப்பல்களில் இன்னொரு வழக்கம் உண்டு: இரவுக்கு ஓர் உணவகம் என்று நீங்கள் மாறிச் செல்வீர்கள், பரிமாறுபவர்களும் உங்களுடனேயே மாறி வருவார்கள்.

விருப்ப நேரம் என்பது கேட்பதற்கு இனிமையாக இருந்தாலும், ஒன்பது பேருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எல்லோருக்கும் பசிக்கும் 6.30 முதல் 7.30 வரையிலான நேரத்தில் இரண்டு பேருக்கு மேசை கிடைப்பது எளிது. ஒன்பது பேருக்கு ஒரே மேசை காலியாகும் வரை வாசலில் நிற்க வேண்டியிருக்கும். இரண்டாம் பந்தியில் சாப்பாடு முடிய இரவு 10 மணி ஆகிவிடும். நானே ஒருமுறை அதைத் தேர்ந்தெடுத்து, நாள் முழுவதும் கரையில் நடந்துவிட்டு வந்து, இனிப்பு வரும் முன்பே மேசையில் கண்ணயர்ந்திருக்கிறேன். ஆகவே உங்களுக்கு முதல் பந்திதான் பொருந்தும். அரங்க நிகழ்ச்சியைப் பெரும்பாலும் இரண்டு முறை நடத்துவார்கள். முதல் பந்திக்காரர்கள் சாப்பிட்ட பின்பும், இரண்டாம் பந்திக்காரர்கள் சாப்பிடும் முன்பும் பார்க்கும்படியாக அதன் நேரம் அமைந்திருக்கும்.

முதல் பந்தியிலும் ஒரு சங்கடம் உண்டு. துறைமுகத்தில் கப்பல் மாலை 6 அல்லது 7 மணி வரை நிற்கும் நாள்களில், கரையிலிருந்து அவசரமாகத் திரும்பி, மூச்சு வாங்க மேசைக்கு ஓட வேண்டியிருக்கும். பயண நிரலை எடுத்து, அப்படிப்பட்ட நாள்களை இப்போதே குறித்து வைத்து, அன்று மட்டும் பஃபேயில் சாப்பிடுவது என்று தீர்மானித்துவிடுங்கள். உணவுக்கூடத்துக்கு வராமல் இருப்பதற்கு அபராதம் எதுவும் இல்லை. ஆனால் உங்கள் வெயிட்டர் காத்திருப்பார் என்பதால், முந்தைய இரவே சொல்லிவிடுவது மரியாதை. நான்கு வயதுக் குழந்தை ஒன்றரை மணி நேரம் நாற்காலியில் உட்காராது என்பதையும் முதல் நாளே அவரிடம் சொல்லுங்கள். குழந்தையின் தட்டை முதலில் கொண்டு வந்துவிடுவார்.

இவை எல்லாவற்றையும்விட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. மூன்று கேபின்களுக்கும் தனித்தனி முன்பதிவு எண்கள் இருந்தால், நீங்கள் ஒரே குடும்பம் என்பது கப்பல் நிறுவனத்தின் கணினிக்குத் தெரியாது. அம்மூன்று எண்களையும் ஒன்றோடொன்று இணைக்கும்படி கேட்டு, எழுத்தில் உறுதி பெறுங்கள். அப்படியும் மேசைகள் பிரிந்து வந்தால், கப்பலில் ஏறிய நாள் பிற்பகலிலேயே உணவுக்கூடத்தின் தலைமைப் பணியாளரைப் பாருங்கள். மேசை மாற்றம் கேட்பவர்களுக்கென்று அன்று ஒரு நேரம் ஒதுக்கியிருப்பார்கள். இரவு எல்லோரும் உட்கார்ந்த பிறகு கேட்டால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

கேள்வி: நான் முட்டையும் சேர்க்காத சைவம். என் மகனுக்கு நிலக்கடலை ஒவ்வாமை உண்டு. முன்பதிவில் ‘சைவம்’ என்ற கட்டத்தில் டிக் செய்தால் போதுமா?

பதில்: போதாது. அந்தக் கட்டத்துக்குப் பொருள் சமையலறைக்குச் சமையலறை மாறும். முட்டையும் பாலும் சேர்ந்தது சைவமே என்று எடுத்துக்கொள்ளும் இடங்களே அதிகம். காய்கறி சூப்புக்கு அடிப்படையாக இறைச்சி வேகவைத்த சாறு இருக்கலாம். இனிப்பில் ஜெலட்டின் இருக்கலாம். எனவே என்ன சாப்பிடுவீர்கள், என்ன சாப்பிட மாட்டீர்கள் என்பதை இரண்டு வரியில் எழுதி, பயணத்துக்கு ஒன்றிரண்டு மாதங்கள் முன்பே நிறுவனத்துக்கு அனுப்புங்கள். மகனின் ஒவ்வாமையை அதே வரியில் சேர்க்காமல் தனியாக எழுதுங்கள். உங்களுடையது உணவு முறை, அவனுடையது மருத்துவ அவசரம். இரண்டும் ஒரே பட்டியலில் இருந்தால் இரண்டாவதன் கனம் குறைந்துவிடும்.

எழுதி அனுப்பிவிட்டோம் என்று நம்பியும் இருக்க வேண்டாம். முதல் இரவே தலைமை வெயிட்டரை அழைத்து நேரில் சொல்லுங்கள். மறுநாள் இரவுக்கான மெனுவை முந்தைய இரவே உங்களிடம் காட்டி, எதை எப்படி மாற்றிச் செய்யலாம் என்று குறித்துக்கொள்வது பல கப்பல்களில் நடைமுறை. பணியாளர்கள் நாள்தோறும் மாறினால் இந்த ஏற்பாடு தளர்ந்துவிடும் என்பதால், உங்களைப் போன்றவர்களுக்கும் நிலையான பந்திதான் நல்லது. கட்டண உணவகத்தில் சாப்பிடுவதானால் அங்கே தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு சமையலறைக்குச் சொன்னது இன்னொன்றுக்குத் தானாகப் போய்ச் சேராது. பஃபேயில் ஒரு பாத்திரத்தின் கரண்டி அடுத்த பாத்திரத்துக்குள் போவதை யாராலும் தடுக்க முடியாது. ஆகவே மகனுக்கு அங்கிருந்து நேராக எடுத்துத் தராமல், பொறுப்பாளரைக் கேட்டு உள்ளிருந்து தனியாக வாங்கிக் கொடுங்கள். கடும் ஒவ்வாமைக்கு உடனே போட வேண்டிய எபிநெஃப்ரின் ஊசியை மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால், அது பெட்டிக்குள் அல்ல, கைப்பையில் இருக்க வேண்டும். கரைக்கு இறங்கும்போதும் கூடவே வர வேண்டும்.

கேள்வி: சாப்பாடு கட்டணத்திலேயே அடங்கும் என்றார்கள். இப்போது கட்டண உணவகம், பானங்களுக்கான பேக்கேஜ் என்று மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் வருகிறது. வாங்கலாமா?

பதில்: தனிக் கட்டண உணவகம் இன்றைய தந்திரம் அல்ல. 1905-இல் வெள்ளோட்டம் கண்ட ‘அமெரிக்கா’ என்ற ஜெர்மானியக் கப்பலிலேயே, பயணச் சீட்டில் அடங்கிய சாப்பாட்டுக்கு வெளியே காசு கொடுத்துச் சாப்பிடும் ரிட்ஸ் உணவகம் இருந்தது. 1912-இல் டைட்டானிக்கிலும் அப்படி ஒன்று இருந்தது. ஒரு வாரப் பயணத்தில் ஓர் இரவு கட்டண உணவகத்தில் சாப்பிடுவது நல்ல மாற்றம். இரண்டு இரவு போதும் என்பது என் கருத்து. முதல் இரவு பலரும் களைத்துப்போய் பஃபேக்குச் செல்வதால் அன்று இடம் எளிதில் கிடைக்கும், சில கப்பல்களில் தள்ளுபடியும் உண்டு. அலங்கார உடை அணியும் இரவில் மட்டும் முன்பதிவு செய்யாதீர்கள். பிரதான உணவுக்கூடம் தன் சிறந்த மெனுவை வைப்பது அன்றைக்குத்தான்.

பானப் பேக்கேஜ் வேறு கணக்கு. அதைப் பயணத்தின் எல்லா நாள்களுக்கும் சேர்த்தே விற்பார்கள். நீங்கள் காலை முதல் மாலை வரை கரையில் இருக்கும் நாளுக்கும் பணம் போய்விடும். மதுவும் அடங்கிய பேக்கேஜை ஒருவர் வாங்கினால், அதே கேபினில் உள்ள மற்றப் பெரியவர்களும் வாங்கியாக வேண்டும் என்ற விதி பல நிறுவனங்களில் இருக்கிறது. விலைக்கு மேல் சேவைக் கட்டணமும் சேரும். அது பெரும்பாலும் 18 முதல் 20 விழுக்காடு. பேக்கேஜின் ஒரு நாள் விலையோடு இந்தச் சேவைக் கட்டணத்தைக் கூட்டி, கப்பலில் ஒரு பானத்துக்கு ஆகும் விலையால் வகுத்துப் பாருங்கள். வருகிற எண்ணிக்கையை நாள் தவறாமல் குடிக்க முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொண்டால் விடை கிடைத்துவிடும். தண்ணீர், சாதாரணக் காபி, தேநீர் ஆகியவை பெரும்பாலான கப்பல்களில் இலவசம். வாங்குவதென்று முடிவானால், கப்பலில் ஏறும் முன்பே வாங்குங்கள். ஏறிய பின் விலை கூடுவதே வழக்கம்.

கேள்வி: கடல் ஒத்துக்கொள்ளுமோ என்ற பயம் எனக்கு உண்டு. எந்தக் கேபின் நல்லது?

பதில்: சீசா பலகையின் நடுவில் உட்கார்ந்தவர் அதிகம் ஆடுவதில்லை. கப்பலிலும் அப்படித்தான்: நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் உள்ள கேபின்களில் ஆட்டம் மிகக் குறைவு. கப்பலின் இருபுறமும் நீட்டப்படும் நிலைப்படுத்தும் துடுப்புகள் பக்கவாட்டு ஆட்டத்தைப் பெருமளவு குறைக்குமே தவிர, முன்னும் பின்னுமாக எழுந்து தாழ்வதைத் தடுக்காது. அதனால்தான் முனைக் கேபின்களில் வயிறு கலங்குகிறது. தளங்களின் வரைபடத்தில் உங்கள் கேபினுக்கு மேலும் கீழும் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். மேலே பஃபே இருந்தால் விடியும் முன்பே நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும். கீழே இசைக்கூடம் இருந்தால் நள்ளிரவுக்குப் பிறகும் தூக்கம் வராது. இரண்டு பக்கமும் கேபின்களே இருப்பதுதான் உத்தமம். மாத்திரையைக் குமட்டல் தொடங்கிய பின் போட்டுப் பயனில்லை. மருத்துவரைக் கேட்டு முன்னதாகவே போட்டுக்கொள்ளுங்கள். வெறும் வயிறும் நிறைந்த வயிறும் ஒரே அளவுக்குத் தொல்லை தரும்.

கேள்வி: முதல் நாள் மாலை பாதுகாப்புப் பயிற்சி என்று போட்டிருக்கிறார்கள். அதே நேரத்தில் எங்களுக்கு உணவக முன்பதிவு இருக்கிறது. பயிற்சியைத் தவிர்க்கலாமா?

பதில்: கூடாது. முன்பதிவைத்தான் மாற்ற வேண்டும். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிக்லியோ தீவருகே ‘கோஸ்டா கான்கார்டியா’ என்ற சொகுசுக் கப்பல் பாறையில் மோதி 32 பேர் உயிரிழந்தபோது, அன்று மாலைதான் ஏறியிருந்த நூற்றுக்கணக்கான பயணிகளுக்குப் பயிற்சி நடந்திருக்கவே இல்லை. ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதே அன்றைய விதி. 2015 முதல், கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்த வேண்டும் என்று சர்வதேச விதி மாற்றப்பட்டது. இப்போது பல கப்பல்களில் விளக்கப் படத்தைக் கைபேசியிலேயே பார்த்துவிட்டு, ஆபத்தின்போது நீங்கள் வந்து சேர வேண்டிய கூடுமிடத்துக்கு ஒருமுறை போய், உங்கள் கப்பல் அட்டையைக் காட்டி வந்தால் வேலை முடிந்தது. ஏழு குறுகிய ஒலி, தொடர்ந்து ஒரு நீண்ட ஒலி என்ற அபாய அறிவிப்பைக் குழந்தைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

அன்றைய நாளுக்கு இன்னொரு குறிப்பு. துறைமுகத்தில் ஒப்படைத்த பெட்டி கேபினுக்கு வந்து சேர மாலை ஆகலாம். ஆகவே பாஸ்போர்ட், மருந்து, ஒரு மாற்றுடை ஆகியவை கையோடு இருக்கட்டும்.

கேள்வி: பஃபேயில் சாப்பிட்டால் வயிற்றுப்போக்கு பரவும் என்கிறார்களே?

பதில்: பயப்படும் அளவுக்கு இல்லை, அலட்சியப்படுத்தவும் முடியாது. கப்பல்களில் பெரும்பாலும் பரவுவது நோரோவைரஸ். கையில் தடவும் ஆல்கஹால் திரவத்துக்கு அது சரியாக அடங்காது. சோப்பும் தண்ணீரும்தான் வழி என்பதால், பஃபே வாசலில் கை கழுவும் தொட்டி இருந்தால் அதைத் தாண்டிப் போகாதீர்கள். கழுவிய கையால் கரண்டியைப் பிடித்தபின் அதே கையால் ரொட்டியை எடுத்து வாயில் போடுவதுதான் பலர் செய்யும் தவறு. அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் கப்பல்களை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் முன்னறிவிப்பின்றிச் சோதித்து நூற்றுக்கு மதிப்பெண் இடுகிறது. 85-உம் அதற்குக் கீழும் தோல்வி. அந்தப் பட்டியல் பொதுவில் கிடைக்கிறது, உங்கள் கப்பலின் பெயரைத் தேடிப் பாருங்கள்.

கேள்வி: கைபேசியை ஏரோபிளேன் மோடில் வைக்கச் சொல்வது ஏன்?

பதில்: நடுக்கடலில் கப்பலின் சொந்த அலைவரிசையில் கைபேசி தானாக இணைந்து, ரோமிங் கட்டணம் ஏறிவிடும். மோடை மாற்றிவிட்டு வைஃபையை மட்டும் திறந்தால், நிறுவனத்தின் ஆப்பில் அன்றைய மெனுவையும் நிகழ்ச்சி நேரங்களையும் பார்க்கலாம். பல கப்பல்களில் அதற்கு இணையப் பேக்கேஜ் தேவையில்லை. இன்னொன்று, துறைமுகத்தில் கைபேசி உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடலாம். பந்தி நேரம், ஏறுவதற்கான கடைசி நேரம் எல்லாம் கப்பல் கடிகாரப்படிதான் என்பதால், பழைய கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொள்வது உபகாரமாக இருக்கும்.

கேள்வி: கடைசி இரவில் பெட்டியை வெளியே வைக்கச் சொல்கிறார்களாம். இரண்டாம் பந்தியில் இருக்கும் நாங்கள் எப்போது கட்டுவது?

பதில்: சாப்பிடப் போகும் முன்பே கட்டிவிடுங்கள். பெரும்பாலும் இரவு 10 அல்லது 11 மணிக்குள் பெட்டி வாசலில் இருக்க வேண்டும்; நீங்கள் மேசையிலிருந்து எழும்போதே 10 ஆகியிருக்கும். கணக்குச் சீட்டையும் அன்று மாலையே சரிபார்த்து, தவறு இருந்தால் வரவேற்பு மேசையில் சொல்லிவிடுங்கள். மறுநாள் காலை அங்கே வரிசை நீளும். நாள்தோறும் தானாகச் சேரும் டிப்ஸ் அதில் அடங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, உங்களைத் தனியாகக் கவனித்துக்கொண்டவருக்குக் கூடுதலாகக் கொடுக்க விரும்பினால் அந்த உறையைக் கடைசி இரவுச் சாப்பாட்டின்போதே கொடுத்துவிடுங்கள். காலையில் அவர் வேறு இடத்தில் பணியில் இருக்கலாம். பெட்டியைப் பூட்டும் முன், மறுநாள் உடுத்த வேண்டிய உடையும் செருப்பும் வெளியே இருக்கின்றனவா என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எல்லாவற்றையும் அனுப்பிவிட்டு, இரவு உடையோடு கப்பலிலிருந்து இறங்கியவர்கள் உண்டு.